நொடித்துப் போகவும் முதல் வேண்டும்

கடன் வாங்க ஐந்து நிமிடம் போதும் என்று டவுன் பஸ்ஸின் முதுகில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆதார் அட்டை, ஒரு செல்ஃபி, நாலு இடத்தில் விரலால் ஒரு தட்டு. பணம் வந்துவிடும். வாங்கியதைக் கட்ட வழியில்லை என்று சட்டப்படி ஒப்புக்கொள்ள எத்தனை காலம் பிடிக்கும், எவ்வளவு செலவாகும் என்று எந்தப் பஸ்ஸின் முதுகிலும் எழுதவில்லை. எழுதவும் கூடாது. இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துக் கொடுக்கும் இணைய நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரமாகிவிடக் கூடாது என்கிற கவலை. நல்ல கவலைதான். கடன் கொடுக்கிறவன் ஊர் முழுக்கப் பேனர் கட்டலாம். கடனிலிருந்து மீட்கத் தெரிந்தவர் மட்டும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நாம்தான் மோப்பம் பிடித்துப் போக வேண்டும்.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டம், பள்ளிபாளையம் பக்கம், எட்டுத் தறி போட்டவர். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர்களுக்குக் கோர்ட் வைக்கிற பெயர் மனுதாரர் என்பதுதான். வீட்டை வைத்து பேங்கில் கடன். தறிக்கு பைனான்ஸ் கம்பெனியில் கடன். நூல் கடையில் பாக்கி. சம்சாரம் பேரில் குழுக் கடன். பாவு ஓட்டுகிறவருக்குக் கூலி பாக்கி. அதையெல்லாம் சமாளிக்கத் தண்டல். தண்டலைச் சமாளிக்க மீட்டர் வட்டி. தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடைசெய்திருக்கிறது. தடைசெய்த அத்தனை வகையும் நம் ஆளிடம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்கினாரோ என்று சந்தேகம் வரும்.

மார்க்கெட் விழுந்தது. நூல் விலை ஏறியது. தறி நின்றது. டீக்கடையில் யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்துருங்க." இன்னொருவர் திருத்துகிறார்: "ஐ.பி. போடறதுங்க." சொன்ன இருவருமே அந்தத் திவால் மனுவைப் போட்டவர்கள் இல்லை. போட்டவரை யாருக்கும் நேரில் தெரியாது. அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்பது மட்டும் தெரியும்.

ஆக, வக்கீலைத் தேட வேண்டும். கோர்ட் வாசலில் எத்தனையோ வக்கீல்கள். நிலத் தகராறுக்கு ஒருவர், விபத்து நஷ்டஈட்டுக்கு ஒருவர், ஜாமீனுக்கு ஒருவர், விவாகரத்துக்கு ஒருவர். ஐ.பி. வக்கீல் என்று ஒருவரைக் காட்டுங்கள் என்றால் புங்கமரத்தடியில் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும். காரணம் எளிது. மற்ற வழக்குகளில் கட்சிக்காரரிடம் பணம் இல்லாதது வக்கீலுக்கு ஒரு சங்கடம். இங்கே பணம் இல்லை என்பதுதான் வழக்கே. பீஸ் கொடுக்க முடிந்தால் நீங்கள் திவாலான ஆள் இல்லை. கொடுக்க முடியாவிட்டால் உங்களுக்கு வக்கீல் இல்லை. ஜெயித்த பிறகு பங்கு தருகிறேன் என்று பேசவும் வழியில்லை. தீர்ப்பின் பலனைப் பொறுத்துப் பீஸ் பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. இந்த வழக்கில் ஜெயித்தால் கிடைக்கப்போவது 'இவரிடம் ஒன்றுமில்லை' என்கிற உத்தரவு. அதில் எதைப் பங்கு போட?

முதலில் பார்க்கக் கிடைப்பது வக்கீல் அல்ல, குமாஸ்தா.

"என்ன கேஸுங்க? பூமியா, ஆக்சிடெண்டா?"

"கடனுங்க."

"குடுத்ததுங்களா, வாங்குனதுங்களா?"

"வாங்குனதுங்க."

குமாஸ்தாவின் முகத்தில் அதுவரை இருந்த 'ங்க' எல்லாம் வடிந்துவிடுகிறது. கொடுத்த ஆளாக இருந்தால் நாற்காலி உண்டு. வாங்கிய ஆளுக்கு பெஞ்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரச் சொல்வார். வந்தால், சார் கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டார்.

மாடியேறி ஒருவழியாக வக்கீலைப் பார்த்துவிட்டார் நம் ஆள் என்று வையுங்கள். இரண்டு வகை வக்கீல் கிடைக்கலாம். முதல் வகை பிரியமானவர். நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒன்னும் பயப்படாதீங்க, ஒரே நோட்டீஸ்ல அத்தனை பேரையும் ஓட விட்டுடலாம்" என்பார். "வீடு உங்க பேர்லயா இருக்கு? மொதல்ல அதை சம்சாரம் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிருங்க. மச்சானுக்குக் குடுக்க வேண்டியதை இப்பவே குடுத்துருங்க, சொந்தம் கெடக் கூடாது." கேட்கக் கேட்கக் காதில் தேன் பாயும். அவர் சொல்லாமல் விட்டது இது: விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்து மாற்றத்தை, கொடுத்து இரண்டு ஆண்டுக்குள் திவால் வந்துவிட்டால் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். கடன்காரர்களில் ஒருவருக்கு மட்டும் தனிச்சலுகையாகக் கொடுத்ததை, மூன்று மாதத்துக்குள் மனு விழுந்தால் 54ஆம் பிரிவில் திரும்பப் பிடுங்கலாம். சொத்தை மறைத்தது தெரிந்தால் 69ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை. கடனாளியாக மாடியேறியவரைக் குற்றவாளியாக இறக்கிவிடுகிற யோசனை அது. அதற்குப் பீஸும் உண்டு, முன்பணமாக.

இரண்டாவது வகை கடுகடுப்பானவர். நோட்டை நீட்டி, "யார் யாருக்கு எவ்வளவு, விலாசத்தோட எழுதுங்க. மச்சானையும் சேத்து" என்பார். பாஸ்புக், புரோநோட்டு நகல், நகை அடகு ரசீது, தறிக்கு வாங்கிய பில், எல்லாம் வேண்டும் என்பார். வெற்றுக் காசோலையில் எத்தனை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள் என்று கேட்பார். அப்புறம் வரிசையாக வயிற்றைக் கலக்குவார்: ஐ.பி. போட்டாலும் செக் கேஸ் நிற்காது. அதற்கான 138ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வீட்டை அடமானம் பிடித்த பேங்குக்கு இந்த மனு ஒரு பொருட்டில்லை. அது தன் வழியில் ஏலம் போடும். உங்களுக்கு விடுதலை கிடைத்தாலும், ஜாமீன் கையெழுத்துப் போட்ட உங்கள் தம்பிக்குக் கிடைக்காது. பீஸ் இவ்வளவு, செலவு தனி, ரசீது தருகிறேன். இவரைப் பார்த்துவிட்டு வரும்போது நம் ஆளுக்கு அழுகை வரும். ஊரில் கேட்டால், அந்த வக்கீல் சரியில்லை, தைரியமே சொல்லத் தெரியவில்லை என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் வகையிடம் திரும்பிப் போகிறார்கள் என்று சொன்னால் கணக்கு எங்கே என்று கேட்பீர்கள். கணக்கு இல்லை. மாடிப்படிகளைப் பாருங்கள்.

இலவச சட்ட உதவி இருக்கிறதே என்று ஒரு குரல் வரும். இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே வக்கீல் வைத்துத் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு. கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகமும் இருக்கும். குழுக் கடனில் மூழ்கிய எந்தப் பெண்ணும் அங்கே போய் எனக்கொரு வக்கீல் கொடுங்கள் என்று கேட்கலாம். இதை அவளிடம் யார் சொன்னார்கள்? வாரத் தவணைக்கு வீடு தேடி வருகிற பையன் சொன்னானா? பணத்துக்கான டிக்ரியில் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. குழுக் கடன் கம்பெனிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அது கோர்ட்டுக்கே போவதில்லை. வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்ற பெண்களையும் கூட்டிவந்து உட்காரவைக்கிறது.

சரி, மனு தயாராகிறது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1920ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம். சென்னை நகரவாசி என்றால் இன்னும் பழையது, 1909. மாகாணம் போய் மாநிலம் வந்தது, சக்கரவர்த்தி போய்க் குடியரசு வந்தது. கடனாளி மட்டும் ஐந்தாம் ஜார்ஜின் பிரஜையாகவே இருக்கிறார். இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தாலே நீங்கள் திவால் மனு போடலாம். இன்றைக்கு ஒரு காஸ் சிலிண்டருக்குப் போதாத தொகை அது. உங்கள் சொத்தை விற்றுப் பங்கு வைக்கும்போது, உங்களிடம் வேலை செய்தவரின் கூலிக்கு முன்னுரிமை உண்டு. எவ்வளவுக்கு? மனுவுக்கு முந்தைய நாலு மாதத்துக்கு, மொத்தமாக இருபது ரூபாய் வரைக்கும். இருபது ரூபாய். பாவு ஓட்டியவர் அதில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டுச் சட்டத்தை வாழ்த்தலாம். உங்கள் சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேறாவிட்டால், அது உங்கள் குற்றமில்லை என்று நீங்கள் நிரூபித்தாலொழிய முழு விடுதலை கிடையாது. எட்டணா. தேசம் 1957இல் அணாவை விட்டு நயா பைசாவுக்கு வந்துவிட்டது. நாடாளுமன்றம் எத்தனையோ சட்டத்தை ராவோடு ராவாக நிறைவேற்றியிருக்கிறது. எட்டணாவை ஐம்பது பைசா என்று எழுத அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

இதே சட்டத்துக்கு ஈரமும் உண்டு என்று சொல்ல வேண்டும். உடுக்கிற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கிற பாய், கைவினைஞரின் கருவி, பெண் கழற்றக் கூடாத மாங்கல்யம் இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. சட்டம் தாலியைத் தொடுவதில்லை. தொடத் தேவையும் இல்லை. அது ஏற்கெனவே நகைக் கடன் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. கழுத்தில் கிடப்பது மஞ்சள் கயிறு.

மனு சப் கோர்ட்டில் தாக்கலாகிறது. அன்றைக்கே வழக்கு ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் கோர்ட்டைப் பார்த்ததில்லை. மனு ரிட்டர்ன் ஆகும். மூன்றாவது கடன்காரரின் தகப்பனார் பெயர் இல்லை. திருத்திப் போட்டால், சொத்து விவரத்தில் சர்வே எண் இல்லை. அதையும் திருத்திப் போட்டால் ஒருநாள் நம்பர் ஆகும். நம்பர் ஆன அன்று நம் ஆளின் வீட்டில் பாயசம் வைக்கலாம், சர்க்கரை இருந்தால். பிறகு பதினேழு கடன்காரர்களுக்கும் நோட்டீஸ். ஒவ்வொருவருக்கும் பேட்டா கட்ட வேண்டும். அதில் மூன்று பேர் வீட்டில் இல்லை என்று திரும்பும். மீட்டர் வட்டிக்காரர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்பார். மறுபடி பேட்டா. பிறகு பத்திரிகை விளம்பரம். தன்னிடம் ஒரு பைசா இல்லை என்பதைத் தினசரியில் காசு கொடுத்து அறிவிக்க வேண்டும். குட்டி எழுத்தில், கட்டம் கட்டி, வாடகை வீட்டு விளம்பரத்துக்குக் கீழே. கடன்காரர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, சம்பந்தி வீட்டில் படித்துவிடுவார்கள்.

அப்புறம் வாய்தா. நீதிபதி விடுப்பு. வாய்தா. நீதிபதிக்கு மாறுதல், புதியவர் பொறுப்பேற்கவில்லை. வாய்தா. வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. வாய்தா. மே மாத விடுமுறை. கடன்காரர் தரப்பு வக்கீல் பதிலுரை போட அவகாசம் கேட்கிறார். அதில் எழுதப்போவது, மனுதாரர் வசதியானவர், சொத்தை மறைத்திருக்கிறார், மனுவைத் தள்ளுபடி செய்க என்கிற மூன்று வரி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நம் ஆள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். குமாஸ்தாவுக்கு டீ. தட்டச்சுக்காரருக்குக் கூலி. இதற்கெல்லாம் பணம் ஏது? கடன்தான். கடனாளி என்று நிரூபிக்க வாங்குகிற கடன், மனுவில் காட்டிய கடன் பட்டியலில் வராது.

இடையில் ஒருவர் டிக்ரி வாங்கி, அமீனாவோடு வாரண்டும் கையுமாக வந்து நிற்கலாம். 1980இலேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாத ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் போடுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பெழுதிவிட்டார். வழி இருந்தும் கட்டாதவரைத்தான் சிவில் சிறையில் வைக்கலாம். அதுவும் மூன்று மாதம் வரை. சாப்பாட்டுச் செலவு, வழக்குப் போட்டவர் பொறுப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் அதை எடுத்துச் சொல்லவும் ஒரு வக்கீல் வேண்டுமே. அவர் அன்றைக்குப் பக்கத்து ஊர் கோர்ட்டில் ஆஜராகியிருப்பார், போன் சைலண்ட்டில் இருக்கும்.

இனி ராஜாஜி சாலைக்கு வருவோம்.

சென்னையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அங்கே இருக்கிறது. கம்பெனிகள் நொடித்துப்போகிற இடம். இங்கே 1920 கிடையாது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம், புத்தம் புதிது. மனு ஏற்கப்பட்டதும் கம்பெனி மீதான வழக்குகள், ஜப்திகள் எல்லாம் ஒரே உத்தரவில் நின்றுவிடும். செக் கேஸ்கூட. கம்பெனி மீதான 138 வழக்கும் நிற்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துப் போட்ட மனிதர்கள் மீதான வழக்கு மட்டும் நடக்கும் என்றது. காகிதத்தில் பிறந்த ஆளுக்குக் கிடைக்கிற நிழல், தாய் வயிற்றில் பிறந்த ஆளுக்குக் கிடையாது. கம்பெனியை இந்தத் தீர்ப்பாயத்துக்கு இழுக்க வேண்டுமானால் கடன் பாக்கி குறைந்தது ஒரு லட்சம் என்றிருந்ததை, 2020 மார்ச் 24 அன்று ஒரு கோடியாக ஏற்றினார்கள். ஊரடங்கை அறிவித்த அதே நாள். நாடு முழுக்கச் சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் புறப்படுகிற நேரத்தில், கம்பெனிகளைப் பற்றி யாரோ ஒருவர் கவலையோடு யோசித்திருக்கிறார். பிறகு, கொரோனாவில் விழுந்த பாக்கிக்காகக் கம்பெனிகள் மீது திவால் மனுவே போடக் கூடாது என்று 10ஏ என ஒரு பிரிவும் சேர்த்தார்கள். தறி நின்றதற்கு அப்படியொரு பிரிவு வரவில்லை.

இங்கே வக்கீலைத் தேடிக் கம்பெனி அலைவதில்லை. விளம்பரமே இல்லாமல் எப்படியோ சேதி போய்விடுகிறது. டெல்லியிலிருந்து சீனியர்கள் விமானத்தில் வருகிறார்கள். திவால் நடவடிக்கைக்கான செலவு, அதை நடத்துகிற நிபுணரின் ஊதியம், எல்லாவற்றுக்கும் பட்டுவாடாவில் முதல் வரிசை என்று 53ஆம் பிரிவு உறுதி தருகிறது. கடன் கொடுத்தவருக்கு முன்னால், வேலை செய்தவருக்கு முன்னால், பந்தியில் முதல் இலை அவர்களுக்கு. அதே எண் கொண்ட பிரிவுதான் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் தறிக்காரரின் வீட்டைப் பிடுங்குகிறது என்பது தற்செயல்.

சிவா இண்டஸ்ட்ரீஸ் அண்ட் ஹோல்டிங்ஸ் என்றொரு சென்னைக் கம்பெனி. கடன் ஏறத்தாழ 4,860 கோடி. உரிமையாளர் தரப்பே சுமார் 320 கோடியில் கணக்கை முடித்துக்கொள்ள முன்வந்தது. ரூபாய்க்கு ஏழு பைசாகூட முழுதாக இல்லை. கடன் கொடுத்த வங்கிகள் சம்மதித்தன. சென்னைத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் முடியாது என்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து எடுத்த முடிவில், கடன் கொடுத்தவர்களின் வணிக விவேகத்தில் தீர்ப்பாயம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சொல்லி அனுமதித்தது. எல்லாம் சட்டப்படி. நம் எட்டுத் தறிக்காரர் அதே மாதிரி ஒரு வங்கிக் கிளைக்குள் நுழைந்து, மேனேஜர் சார், ரூபாய்க்கு ஏழு பைசா தருகிறேன், உங்கள் வணிக விவேகம் என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்க்கட்டும். விவேகம் வாட்ச்மேனைக் கூப்பிடும்.

வீடியோகான் கதை இன்னும் பெரிது. 65,000 கோடி அளவுக்குக் கோரிக்கை. வந்த விலை 2,962 கோடி. 2021 ஜூனில் அதற்கு ஒப்புதல் கொடுத்த மும்பைத் தீர்ப்பாயமே, இது முடிவெட்டு அல்ல, மொட்டை என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்தது. எழுதிவிட்டு ஒப்புதலும் கொடுத்தது. மேல்முறையீட்டில் 2022 ஜனவரியில் அது ரத்தானது வேறு விஷயம். பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக் கடன் 16.35 லட்சம் கோடி என்று 2025 மார்ச்சில் மக்களவையிலேயே அரசு சொன்னது. நீக்கியதுதான், தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும் என்று கூடவே ஒரு விளக்கமும். தொடரட்டும். எந்த முதலாளியின் வாசல்படியில் எந்த வசூல்காரப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று யாராவது போட்டோ போட்டால் பார்க்கலாம்.

இதே சாலையில்தான் அன்றைக்கு ஆர்பத்நாட் கம்பெனி இருந்தது. 1906 அக்டோபரில் நொடித்தது. சென்னை மாகாணத்தின் உத்தியோகஸ்தர்கள், மிராசுதார்கள், விதவைகள் போட்டு வைத்த பணம் போயிற்று. அப்போது கடன் கொடுத்து ஏமாந்தவர்கள் பக்கம் நின்று வாதாடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி அய்யர். வாதாடியதோடு நிற்கவில்லை, நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று கூட்டம் கூட்டினார், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தில், வெள்ளைக்கார நீதிபதிகள், சர் பட்டம் வாங்கிய ஒரு வெள்ளைக்காரனைக் கம்பி எண்ண வைத்தார்கள். சுதந்திர இந்தியாவில் விஜய் மல்லையா மாநிலங்களவை உறுப்பினராகவே 2016 மார்ச் 2 அன்று விமானம் ஏறினார். அவரைத் திவாலானவர் என்று அறிவிக்க 2021 ஜூலையில் லண்டன் கோர்ட்தான் வர வேண்டியிருந்தது. திவாலாகி விடுதலை பெறாதவர் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க முடியாது என்று அரசியல் சாசனம் சொல்கிறது. நம் தறிக்காரர் ஐ.பி.யில் உத்தரவு வாங்கிவிட்டால் வார்டு கவுன்சிலருக்குக்கூட நிற்க முடியாது. ஜனநாயகம் யாரிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பாருங்கள்.

ஏழைக்கு அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 80ஆம் பிரிவில் 'புதிய தொடக்கம்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் இல்லாமல், சொத்து 20,000க்கு மேல் இல்லாமல், கடன் 35,000க்கு மேல் இல்லாமல், சொந்த வீடும் இல்லாமல் இருந்தால் மனுப் போட்டு அந்தக் கடனிலிருந்து விடுபடலாம். இந்த அளவுகோலைப் பிடித்தவர் டெல்லியில் எந்தத் தெருவில் குடியிருக்கிறாரோ தெரியவில்லை. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் புதிய தொடக்கம் கிடையாதாம். அதுவாவது இருக்கிறதா? சட்டம் 2016இல் வந்தது. கம்பெனிகளுக்கான பாகம் அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. தனிமனிதருக்கான பாகத்தில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கானதை மட்டும் 2019 டிசம்பரில் திறந்தார்கள், அதுவும் வங்கிகள் அவர்களைப் பிடிப்பதற்காக. மீதி அச்சில் இருக்கிறது. அமலுக்குக் கொண்டுவர அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தைப் போட இந்த அரசுக்கு மனம் வரவில்லை. ஒரு கோடி வரம்பு ஒரே நாளில் வந்தது.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் நெருப்பில் வெந்து செத்தார்கள். கந்துவட்டி. அவர் அதற்கு முன்பே திரும்பத் திரும்ப மனுக் கொடுத்திருந்தார். மனுவுக்கு ரசீது கிடைத்திருக்கும். நம் அலுவலகங்கள் அதில் குறை வைப்பதில்லை. பள்ளிபாளையம் பக்கம், கடன் அடைக்க விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2025இலும் வந்தது. சுகாதாரத் துறை விசாரணைக்குப் போனது. பெரிய கம்பெனிக்கு வங்கி 93 சதவீதம் வெட்டிக்கொள்கிறது. தறிக்காரரை வெட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. உடம்பில் இரண்டு இருப்பதில் ஒன்றை விற்றுத் தவணை கட்டுகிறவரைப் பார்த்து, ஒரு நல்ல திவால் வக்கீலை ஆலோசித்திருக்கலாமே என்று யோசனை சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு.

நம் ஆள் விற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிடிவாதக்காரர். அத்தனை வாய்தாவுக்கும் போனார். கடைசியில் உத்தரவு வந்தது: திவாலானவர் என்று அறிவிக்கப்படுகிறார், ஓராண்டுக்குள் விடுதலை மனுப் போட வேண்டும். வக்கீல் கைகுலுக்கினார். நம் ஆள் எல்லாம் முடிந்தது என்று ஊருக்குத் திரும்பினார். இரண்டாவது மனு ஒன்று பாக்கி என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. உத்தரவில் இருந்தது, ஆங்கிலத்தில். கெடு தாண்டினால் 43ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகிவிடும். தாண்டியது, ரத்தானது. பதினேழு பேரும் திரும்பி வந்தார்கள். வட்டி, இத்தனை காலமும் கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து வளர்ந்திருந்தது.

கேஸ் கட்டையாவது வாங்கி வேறு யாரிடமாவது காட்டலாம் என்று பழைய மாடிக்குப் போனார். பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லியிருக்கிறது. குமாஸ்தாவுக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை.

"சாரைப் பாக்கோணுங்க."

"சார் இப்ப பைனான்ஸ் கம்பெனிக்குப் பேனல் வக்கீலுங்க. உங்களுக்குத் தறிக் கடன் குடுத்தாங்களே, அவங்களேதான்."

"அப்ப எம்மேல போட்ட செக் கேஸு?"

ஒரு கட்சிக்காரருக்காக ஆஜரான வக்கீல் அதே விவகாரத்தில் அவருக்கு எதிராக ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. சார் விதியை மதிக்கிறவர். அதனால் ஜூனியர் ஆஜராகிறார்.